கூடையைக் குறைச்ச காவக்காரன்

பேராண்டி,

இந்தக் கடுதாசிய ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில வச்சிருக்கேன். தெமோதரையில ஏறின உடனே பிரிச்சிருக்க மாட்டே. பசி எடுத்த பிறகுதான் கண்ணுல பட்டிருக்கும். அப்படின்னா ரயில் இப்ப பண்டாரவளை தாண்டி ஹப்புத்தளைக்குக் கிட்ட வந்திருக்கணும். சம்பலைத் தொட்டுக்கிட்டே படி. எண்ணெய் பட்டா படட்டும், இது ஒண்ணும் சாகித்தியம் இல்ல.

நீ போற ரயிலுக்குப் பேரு பொடி மெனிகே. சின்ன வயசுல, மூக்குப்பொடி விக்கிற பொம்பளை யாரோட பேரையோ ரயிலுக்கு வச்சிட்டாங்கன்னு நினைச்சிருந்தேன். சிங்களத்தில பொடின்னா சின்னதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. நம்ம பக்கத்து ஊர் எல்லயோட பேரும் அந்தக் கதைதான். அவங்களுக்கு எல்லன்னா நீர்வீழ்ச்சி, நம்ம காதுக்கு அது எல்லை. ரெண்டுமே சரியாத்தான் இருக்கு. போன வாரம் ரெண்டு ராத்திரி நீ விழுந்து கிடந்ததும் ஒரு எல்லையிலதானே?

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் முழுசா எழுதுறேன். கொழும்புல உன் கூட்டாளிமார் கேட்டா உனக்குத் தோதா மாத்திச் சொல்லிருவே.

முத நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிய போக எழும்பினேன். உன் காம்பராவுல லைட்டு எரிஞ்சது. எட்டிப் பார்த்தா கம்ப்யூட்டர் பொட்டிக்கு முன்னால தலையில கைய வச்சுக்கிட்டு இருக்கே. ஏதோ பொம்பளப்புள்ள விவகாரம், நாம தலையிடக் கூடாதுன்னு வந்து படுத்துட்டேன். காலையில தேத்தண்ணி குடிக்கிறப்ப நீ "ஜிடிபி சரியில்ல தாத்தா"ன்னே. நாட்டு வருமானத்துக்காக ராத்திரி பூரா முழிச்சிருக்கிற ஒரு பேரன் நமக்கு வாய்ச்சிருக்கானேன்னு கண்ணு கலங்கிருச்சு. அது வேற ஜிடிபி, 1986ல ரிச்சர்ட் ஸ்டால்மன்னு ஒருத்தர் எழுதின பிழை தேடுற கருவின்னு நீ சொன்ன பிறகுதான் கண்ணத் தொடச்சேன்.

உன் புரோகிராம் கொழுந்து நிறுக்கிற கணக்கு. மேல திரையில பைத்தன், அது 1991ல வந்த பய. நடுவுல தராசோட பேசுறதுக்கு சி, அது 1972 வாக்குல பிறந்தது. அடியில கூட்டல் கழித்தலுக்கு யாரோ எப்பவோ எழுதி வச்ச ஃபோர்ட்ரான். ஃபோர்ட்ரான் வெளிய வந்தது 1957ல, அப்ப எனக்கு நாலு வயசு. கிழவன்கிட்ட கணக்கு, வாலிபன்கிட்ட தராசு, பொடியன்கிட்ட பேச்சு. மூணு பேருக்கும் மூணு பாஷை, தேயிலை ஸ்டோரு ஒண்ணு. இதைக் கேட்டு நீ மலைச்சே, எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாச்சர் வேலை பார்த்த தோட்டத்தில துரை இங்கிலீசுல சொல்வாரு, கணக்குப்பிள்ளை தமிழ்ல சொல்வாரு, கிராமத்துல இருந்து கைக்காசு வேலைக்கு வர்ற ஆளுங்களுக்கு நான் சிங்களத்தில சொல்வேன். துரை வேலி போடச் சொன்ன இடத்தில ஆளுங்க கான் வெட்டி வச்சிருப்பாங்க. யாரும் பொய் சொல்லல, யாரும் சோம்பேறியும் இல்ல. வேலி மட்டும் வரல.

சரி, உன் விசயத்துக்கு வர்றேன். சோதனைக்கு 12 கூடை, கூடைக்கு 16 கிலோன்னு போட்டிருந்தே. மொத்தம் 192 வரணும், வந்தது 176. ஒரு கூடைக் கொழுந்து எங்கேயோ மாயமாப் போயிருச்சு. உடனே நீ ஃபோர்ட்ரான் பக்கத்தில ஒரு பிரேக்பாயிண்ட் வச்சே. எனக்கு அது புரிஞ்ச விதம் இதுதான். ஓடுற புரோகிராம் போற ரோட்டில ஒரு காவக்காரன நிறுத்துறது. எல்லாக் கூடையையும் மறிச்சா விடிஞ்சிரும்னு அவனுக்கு ஒரு நிபந்தனையும் சொல்லிக் குடுத்தே: "16 கிலோவா இல்லாத கூடைய மட்டும் மறி."

முதல் கூடையிலயே மறிச்சிட்டான். திறந்து பார்த்தா கிலோ 1. "மாட்டிக்கிச்சு தாத்தா!"ன்னு நீ போட்ட சத்தத்தில பக்கத்து லயத்து நாய் குலைச்சது. ரெண்டாவது கூடையிலயும் மறிச்சான், அதுவும் 1. மூணாவதும் 1. பதினாறக் கொண்டுவந்து தராசுல வச்சா ஒண்ணா ஆக்குறது எவன்னு சி எழுதினவன், தராசு செஞ்சவன், அவன் பரம்பரைன்னு எல்லாரையும் திட்டிக்கிட்டே விடியக்காலம் வரைக்கும் தேடினே. உன் பாட்டி கூட பயந்து போய் உனக்குத் திருநீறு பூசிவிட்டா.

அப்பதான் உனக்கு என் பழைய கதையச் சொன்னேன். உன் கூட்டாளிமாருக்கும் தெரியட்டும்.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. ஸ்டோருக்குக் கீழ, கிராமத்துக்குப் பிரியிற ரோட்டில ராக்காவல். துரையோட உத்தரவு: "ராத்திரில யாராவது அந்தப் பக்கம் வந்தா, என்னன்னு கேளு. பதில் சரியில்லைன்னா உள்ள விடாதே." ரொம்பத் தெளிவான உத்தரவு. முத நாள் ராத்திரி ஒரு ஆள் டோர்ச் அடிச்சுக்கிட்டு ரோட்டோட போனான். நான் விறைப்பா நின்னு "என்ன?"ன்னேன். அவன் நின்னான், சிரிச்சான், நேரா ஸ்டோர் வாசலுக்கு வந்துட்டான். மறுபடி கொஞ்சம் கோவமா "என்ன! என்ன!"ன்னேன். செருப்பக் கழட்டிட்டு உள்ளேயே போயிட்டான். அன்னிக்கு மட்டும் அப்படி மூணு பேர். காலையில ஸ்டோர் பெரியவரு வந்து பார்க்கிறப்ப, கொழுந்து வாட்டுற மாடியில கிராமத்து ஆளுங்க மூணு பேர் எதுக்கு வரச் சொன்னாங்கன்னு தெரியாம உக்காந்திருக்காங்க.

சிங்களத்தில "என்ன"ன்னா "வாங்க".

கேள்வி கேட்டு நிறுத்தறேன்னு நான் நினைச்சேன். அவங்க காதுல மரியாதையா அழைக்கிற மாதிரி விழுந்திருக்கு. உத்தரவுல பிழை இல்ல, காவக்காரன் தூங்கவும் இல்ல. கேள்வி நின்ன இடத்துக்குச் சொந்தமான பாஷைதான் வேற.

இதைச் சொல்லிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "ராசா, உன் காவக்காரன் எந்தப் பாஷைக்காரன்?" நீ என்னை ஒரு பார்வை பார்த்தே பாரு. கிழவனுக்கு என்ன தெரியும்ங்கிற அந்தப் பார்வைய நான் மறக்கல, இந்த மாசக் கடைசியில சாமான் வாங்கக் காசு கேக்கறப்ப ஞாபகப்படுத்துவேன். பிறகு "ஷோ லாங்வேஜ்"ன்னு தட்டினே. பொட்டி சொன்னது: சி.

முந்தின நாள் சாயங்காலம் நீ தராசுப் பக்கத்து சி-ய நோண்டிக்கிட்டு இருந்தப்ப, வசதிக்காக "செட் லாங்வேஜ் சி"ன்னு கையால போட்டு வச்சிருந்தே. பிறகு மறந்துட்டே. ராத்திரி ஃபோர்ட்ரான் பக்கம் வந்து, ஃபோர்ட்ரான் வழக்கப்படி நிபந்தனை எழுதினே: கிலோ /= 16. ஃபோர்ட்ரான்ல சாய்கோடும் சமக்குறியும் சேர்ந்தா "சமமில்ல"ன்னு அர்த்தம். அது ஒரு கேள்வி. அதே ரெண்டு கோடு சி-யில கேள்வியே இல்ல, வேலை. "வகுத்து, வந்ததை அதே பாத்திரத்தில போடு"ன்னு கட்டளை. பதினாறப் பதினாறால வகுத்தா ஒண்ணு. அந்த ஒண்ணக் கிலோவுல போட்டுட்டான். பூச்சியம் இல்லாத எதுவும் சி-க்கு "ஆமா"தான், அதனால மறிச்சும் வச்சான். காவக்காரனே கூடையில கைய விட்டுப் பதினஞ்சு கிலோவ அள்ளிப் போட்டுட்டு, "ஐயா, இந்தக் கூடையில ஒரு கிலோதான் இருக்கு"ன்னு சலாம் போட்டிருக்கான். அந்தப் பழியத்தான் நீ ராத்திரி பூரா தராசு மேல போட்டே.

இந்த மாதிரி வேடிக்கை இன்னும் இருக்காம், நீதான் பிறகு வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னே. பாஸ்கல்ல ஒத்தைச் சமக்குறி போட்டா "சமமா?"ன்னு கேக்கிறது. சி-யில அதே ஒத்தைக் குறி "சமமாக்கு"ன்னு சொல்றது. கேக்கிறதுக்கு அங்க ரெண்டு குறி வேணும். கேள்விக்கும் கட்டளைக்கும் நடுவுல ஒரு கோடுதான் வித்தியாசம்னா, அதைக் கண்டுபிடிச்சவனுக்கும் நம்ம பழைய துரைக்கும் ஏதாச்சும் சொந்தம் இருந்திருக்கணும்.

அந்தக் கருவி ஒண்ணும் மக்குக் கருவி இல்ல. "ஆட்டோ"ன்னு விட்டிருந்தா, காவக்காரன் நிக்கிற இடம் எந்தப் பாஷையில எழுதினதோ அதுலயே நிபந்தனைய வாசிச்சிருக்கும். ஃபோர்ட்ரான் வாசல்ல ஃபோர்ட்ரான், சி வாசல்ல சி. நீதான் ஒரு பாஷைய ஆணி அடிச்சு வச்சே. எல்லாருக்கும் ஒரே பாஷைன்னு ஆணி அடிச்சா என்ன ஆகும்ங்கிறத இந்த நாடு 1956லயே சோதிச்சுப் பார்த்தாச்சு ராசா, நீ மறுபடி சோதிக்க வேண்டியதில்ல.

ஆட்டோவுல போட்டுட்டு, நிபந்தனையத் திருப்பிக் குடுத்துட்டு, உடனே ஓட விடப் பார்த்தே. நான் கையப் பிடிச்சேன். அவசரக்குடுக்கை! இப்ப மட்டும் அவன் ஒழுங்கான காவக்காரன்னு உனக்கு எப்படித் தெரியும்? மறிக்காம இருந்தா கள்ளன் வரலைன்னு அர்த்தமா, இவன் தூங்கறான்னு அர்த்தமா? ராத்திரி வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா, நானும் தூங்கியிருக்கேன்.

புதுசா ஒருத்தனக் காவலுக்கு வச்சா எங்க கங்காணி ஒரு காரியம் பண்ணுவாரு. முத நாள் நிபந்தனை எதுவும் சொல்ல மாட்டாரு, "போறவன் வர்றவன் எல்லாரையும் மறி"ம்பாரு. அந்த ரோட்டில ஆள் நடமாட்டம் இருக்கா, இவன் அங்கதான் நிக்கறானா, அது தெரியணும். இன்னும் வெட்டாத ரோட்டில ஆள வச்சிட்டு "யாருமே வரல"ன்னு ஒருத்தன் ரிப்போட் எழுதின கதையும் இருக்கு. உன் கருவியிலயும் அது உண்டாம். பைத்தன் இன்னும் அந்த சி நூலகத்தக் கூப்பிட்டு உள்ள ஏத்தியிருக்காது. நீ அதுக்குள்ள காவல் வைக்கப் போனா, "அந்த இடம் இன்னும் வரல, வந்த பிறகு வைக்கட்டுமா?"ன்னு கேக்குமாம். நீ வாசிக்காம "ஆமா" தட்டிருவே. பேர்ல ஒரு எழுத்துப் பிழைச்சிருந்தா, அந்த ரோடு எந்த ஜென்மத்திலயும் வராது.

ரெண்டாம் நாள் கங்காணி தன் ஆள் ஒருத்தன்கிட்டக் கள்ளக் கொழுந்து மூட்டையக் குடுத்து அனுப்புவாரு. அவன மறிக்கணும். பின்னாலயே நல்ல மூட்டையோட இன்னொருத்தன அனுப்புவாரு. அவன மறிக்கக் கூடாது. ரெண்டு பேரும் வேணும், ஒருத்தன மட்டும் அனுப்பிட்டுக் கையத் தட்டிட்டு வரக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு எல்லாரையும் மறிக்கிறவனும் முத பரீட்சையில பாஸாயிருவான். பிறகு சரியா நோம் அளவுல, அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவுல ஒரு மூட்டை, கொஞ்சமும் கூடாம, கொஞ்சமும் குறையாம. எங்க தோட்டத்தில சண்டை எல்லாம் அங்கதான் வரும். நோமுக்கு அரைக் கிலோ குறைஞ்சாலும் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், சரியா நின்னா முழுப் பேர். அதிலயும் ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு. ஒரு சொட்டுத் தண்ணி உதறாத கொழுந்துக்கும் அந்தக் கழிவு உண்டு, ஏன்னு கேட்டா பதில் மூணு பாஷையிலயும் இல்ல.

இன்னொரு விசயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிபந்தனையச் சரிபார்க்க முடியலைன்னா உன் காவக்காரன் என்ன செய்வான்னு கேட்டேன். "பிழைன்னு கத்திட்டு மறிச்சிருவான் தாத்தா"ன்னே. பைத்தன்காரன் வச்சிருக்கிற பிடிபியும் அப்படித்தானாம், நிபந்தனையக் கணக்குப் பார்க்கறப்ப ஏதாச்சும் கோளாறு வந்தா நிறுத்திரும். நல்ல வளர்ப்பு. ஆனா உன் சங்கதியில அந்த வளர்ப்பு உதவல, பார்த்தியா? புரியாத பேச்சா இருந்திருந்தா அவன் கத்தியிருப்பான். /= அவனுக்கு நல்லாவே புரிஞ்சது, வேற மாதிரிப் புரிஞ்சது. என் "என்ன"வும் அந்த மூணு பேருக்கு நல்லாத்தான் புரிஞ்சது. பாஷை தெரியாதவனால எனக்கு ஒரு நாளும் தொல்லை வந்ததில்ல. ரெண்டு பாஷையிலயும் ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்லாலதான் வந்தது. ஒரு தடவை கடன் வாங்கிட்டு ஓடின ஹரின்னு ஒரு பயலத் தேடி பதுளை டவுன்ல "ஹரியா?"ன்னு விசாரிச்சேன். ஆளாளுக்கு "ஹரி, ஹரி"ன்னு தலையாட்டினாங்க. சிங்களத்தில அது "சரி".

கடைசியா, நான் சொன்னபடி செஞ்சே. பன்னிரண்டுல அஞ்சாவது கூடைக்கு வேணும்னே 15 கிலோ போட்டே. மத்தது எல்லாம் 16. ஒரு கள்ளன உள்ள அனுப்பியிருக்கோம், ஒரு தடவை மறிக்கணும், அஞ்சாவதுல மறிக்கணும். ஓட விட்டே. உன் பாட்டியும் அடுப்ப விட்டுட்டு வந்து நின்னா.

மறிச்சான். கிலோ 15. சரி. ஆனா எத்தனையாவது கூடைன்னு பார்த்தா, 4.

நீ "அஞ்சாவதுலதானே போட்டேன்"ன்னே. நான் ஒண்ணும் சொல்லல, வெத்திலைய மடிச்சுக்கிட்டு இருந்தேன். தொடர விட்டே. இன்னொரு தடவையும் மறிச்சான், 12ஆவது கூடையில. கிலோ 0. நாம அனுப்பாத கள்ளன். "இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்" போட்டுப் பார்த்தே, ரெண்டு தடவைன்னு கணக்குக் காட்டுச்சு. நிபந்தனை பொருந்தினா மட்டும்தான் அது அந்தக் கணக்குல சேர்க்குமாம், சும்மா கடந்து போனவங்களச் சேர்க்காது. ஆக ரெண்டும் நிஜம்.

அப்பதான் உன் முகத்தில விளக்கு எரிஞ்சது. ஃபோர்ட்ரான் கூடைகள ஒண்ணுல இருந்து எண்ணுது. சி பூச்சியத்தில இருந்து எண்ணுது. லயத்து முதல் காம்பராவுக்குப் பூச்சியம்னு நம்பர் போடுற ஆளு அது. ஃபோர்ட்ரான் "ஒண்ணாவது கூடையக் குடு"ன்னா, சி தன் கணக்குல ஒண்ணக் குடுக்குது. அது நிஜத்தில ரெண்டாவது. நாலக் கேட்டா அஞ்சாவது. பன்னிரண்டக் கேட்டா பட்டியலுக்கு வெளிய போய் அங்க கிடக்கிறத எடுத்துக் குடுக்குது. நம்ம நேரம், அங்க பூச்சியம் கிடந்துச்சு. முதல்லயே அங்க ஒரு 16 கிடந்திருந்தா மொத்தக் கணக்கு சரியாவே வந்திருக்கும், யாரும் தேடியிருக்கவே மாட்டாங்க. காவக்காரன் நல்லவனான்னு பார்க்க ஒரு பொய்க் கள்ளன அனுப்பினோம், அவன் கையப் பிடிச்சுக்கிட்டு நிஜக் கள்ளன் வந்து நின்னான்.

ஒரு வரிய மாத்தினே. 192ல அந்தச் சோதனைக்காகக் குறைச்ச ஒரு கிலோ போக 191 வந்தது. நீ எழும்பி ஆடினே. காவக்காரன அந்த இடத்திலயே விட்டுட்டு ஆடினே, அதையும் நான்தான் ஞாபகப்படுத்தி எடுக்க வச்சேன். நிபந்தனை பொருந்தாட்டியும் ஒவ்வொரு கூடைக்கும் ஓடுறத நிறுத்தி வச்சுத்தான் அவன் கேட்டுப் பார்க்கிறான். பன்னிரண்டு கூடைக்குத் தெரியாது, பன்னிரண்டு லட்சம் தடவை ஓடுற இடத்தில உன் புரோகிராம் பட்டிப்பொல ஏத்தத்தில போற ரயில் மாதிரி ஆயிரும். அந்த ஏத்தம் இன்னும் கொஞ்ச நேரத்தில வரும், ஜன்னல் வழியாப் பாரு.

இனி நான் எழுத வந்தது. 176 ஆன அன்னிக்கு எந்தக் கூடை தொலைஞ்சதுன்னு யோசிச்சியா? பூச்சியம் வந்தது பன்னிரண்டாவது இடத்தில, ஆனா பன்னிரண்டாவது கூடை தொலையல, அது பதினொண்ணாவதா நிறுபட்டிருச்சு. யாரும் கேக்காம விட்டது சி-யோட பூச்சியம். முதல் கூடை.

நான் அந்த ஸ்டோர்ல இருந்த காலம் பூரா, மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம், மழையோ வெயிலோ, தராசுக்கு முன்னால முதல் ஆளா நின்னவ யாருன்னு தெரியுமா? வீட்டில புள்ளைங்க பசியோட இருக்கும்னு மலையில இருந்து ஓடி வந்து நிப்பா. உன் கணக்குல அவளுக்கு ஒரு நாளும் பேர் விழுந்திருக்காது.

இப்ப நீ திங்கிற ரொட்டி அவ சுட்டது.